நாலாம் தேதி மனு

டெலிபோன் அலறியது.

காப்பியக்கா எடுக்கவில்லை. காலையிலிருந்து நாற்பது மனுக்கள். முட்டி வலி. குடும்ப நீதிமன்றத்து நகல் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் சீல் குத்திக் குத்தி, வலது தோளே ஒரு பக்கமாக இறங்கிப்போயிருந்தது. தீர்ப்புகளுக்குச் சான்றிட்ட நகல், அதாவது 'காப்பி' தருகிறவள் என்பதால் அந்தப் பெயர். புதிதாக வருகிறவர்கள் டம்ளரைத் தேடுவார்கள்!

கவுண்டருக்கு வெளியே ஒரு பெண். முப்பத்தைந்து இருக்கும். அழுது வீங்கிய கண்கள்.

"அக்கா, என் விவாகரத்துத் தீர்ப்புக்கு இன்னொரு நகல் வேணும். அப்பா பென்ஷன் எனக்கு மாறணும். பென்ஷன் ஆபீஸ்ல ஒண்ணு வாங்கிக்கிட்டாங்க. பேங்க்லயும் ஒண்ணு கேக்கறாங்க."

"கேக்கறது அவங்க... குத்தறது நான். பழைய ரசீது இருக்கா?"

"வீட்டுல இருக்குக்கா. நம்பர் முந்நூத்திப் பன்னிரண்டு."

மறுபடி டெலிபோன். அலுப்போடு எடுத்தாள்.

"நகல் பிரிவு."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். ஒரு பெரியவரோட பொணம் எங்ககிட்ட இருக்கு!"

"சார், இங்கே விவாகரத்து மட்டும்தான்."

"கேளுங்கம்மா! ஒன்பதாம் தேதி காலையில தூக்கத்துலயே போயிட்டார்னு பொண்ணு சொல்லுது. ஒரு வாரமாவே ஆளைப் பாக்கலைன்னு பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். உடம்பை அறுத்துப் பாத்த டாக்டர் ஆடிப்போயிட்டார். வெளியே சாதாரணமா இருக்கு... உள்ளே ஐஸ்!"

காப்பியக்காவின் பேனா நின்றது.

"மாரடைப்புதான். கொலை இல்லை. ஆனா செத்தவரை எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? வீட்டைச் சோதனை போட்டதுல உங்க ரசீதுதான் சிக்குச்சு. நாலாம் தேதி. நம்பர் முந்நூத்திப் பன்னிரண்டு."

காப்பியக்கா நாலாம் தேதி மனுக் கட்டை அவிழ்த்தாள். மனுவை உருவினாள். எதற்காக நகல் தேவை என்ற கட்டத்தில் குண்டு குண்டான கையெழுத்து.

'காலமான என் தந்தையின் ஓய்வூதியத்துக்காக.'

தேதி நான்கு!

கீழே காப்பியக்காவின் சுருக்கொப்பம். படிக்காமலே குத்தியிருக்கிறாள். நாற்பது மனுவில் எதைத்தான் படிப்பது?

குரலைத் தாழ்த்தினாள்.

"சார்... விவாகரத்தான மகளுக்கு அப்பா பென்ஷன் உண்டு. ஆனா அப்பா சாகறதுக்கு முன்னாடியே தீர்ப்பு வந்திருக்கணும். அதான் விதி."

"அதனால?"

"தீர்ப்பு வந்தது நாலாம் தேதி. அவர் அதுக்கு முன்னாடியே போயிட்டார். தீர்ப்பு வர்ற வரைக்கும் மனுஷனைச் சாகவே விடலை, சார்!"

"ஆதாரம்?"

"அன்னிக்கே காலமானவர்னு எழுதிக் கொடுத்திருக்கு. அந்தப் பொண்ணு என் எதிர்லதான் நிக்குது."

"விட்டுடாதீங்க... பத்து நிமிஷம்!"

காப்பியக்கா போனை வைத்தாள். மனுவைக் கவுண்டரின் மேல் திருப்பி வைத்தாள்.

"இந்தத் தேதியைப் படிம்மா."

அந்தப் பெண் படித்தாள். முகம் வெளுத்தது. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாம் தேதி காலையில எழுப்பப் போனேன்... அப்பா எழுந்திருக்கலை. மறுநாள் தீர்ப்பு. ஒரே ஒரு நாள், அக்கா! எங்க வீட்டுல அடுப்பெரிஞ்சதே அப்பா பென்ஷன்லதான். உடனே சொன்னா சந்தேகம் வரும், நாலு நாள் போகட்டும்னு எங்க வீட்டுக்காரர்..."

"விவாகரத்தானவளுக்கு ஏதும்மா வீட்டுக்காரர்?"

அவள் உதட்டைக் கடித்தாள். பார்வை ஜன்னலுக்குப் போனது. வெளியே பைக்கில் ஒரு ஆள். தோளில் அவளுடைய கைப்பை.

"காகிதத்துக்குத்தான் பிரிஞ்சோம். அவரோட ஐஸ் கிடங்குலதான் அப்பாவை வெச்சிருந்தோம். தினமும் போய்ப் பாத்தேன். அந்தக் குளிர்ல... ரெண்டு போர்வை போத்தினேன், அக்கா."

காப்பியக்கா கம்பி இடுக்கு வழியாகத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

ஜீப் வந்து நின்றது. "பொண்ணு எல்லாத்தையும் சொல்லிடுச்சு சார், அந்த ஆள்தான் புருஷன்!" என்று காப்பியக்கா ஜன்னல் வழியாகப் பைக்கைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் பைக்கில் இருந்தவனை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லியாச்சுடா!"

"யார் பொண்டாட்டி?" அவன் சீறினான். "எனக்கும் இவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை சார்! கிடங்கு சாவியை இவதான் திருடியிருக்கணும். கோர்ட்டே எங்களைப் பிரிச்சுடுச்சு!"

சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து உதறினான்.

அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது.

"என்னங்க... சும்மா காகிதத்துக்குத்தான்னு சொன்னீங்களே?"

அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், எழுதிக்குங்க. அப்பாவைக் கிடங்குக்குத் தூக்கறப்போ காலைப் பிடிச்சது நான்... தலைமாட்டுல பிடிச்சது இந்த ஆளு. கூலிக்கு வந்த வண்டிக்காரரையும் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். அவன் கவுண்டரில் பாய்ந்தான்.

"அக்கா! நீங்களே சொல்லுங்க... இது உங்க சீல்தானே? இந்த விவாகரத்து செல்லும்தானே?"

காப்பியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நல்லாவே செல்லும் தம்பி. ஆம்பளைங்க ஜெயில் தனி, பொம்பளைங்க ஜெயில் தனி... தீர்ப்பை அப்படியே அமல்படுத்திடுவாங்க!"