தீட்டாத கொடி

கத்தியை எடுப்பதற்கு முன் தோல் ஏட்டைக் கவிழ்த்துப் போடவேண்டும். இத்தாலியின் பலெர்மோ துறைமுகத்துப் பழைய மீன் குளிர்க்கிடங்கில் வெட்டுவேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் பழகுவது இதைத்தான். கவிழ்த்த ஏட்டின் முதுகில் கதிர்மானி பச்சைக் கோடு ஒன்றைப் பாய்ச்சும். மறுபக்கத்து ஓவிய எழுத்து அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. அதில் ஈயச் செந்தூரம், அரிதாரம் என்ற நச்சுச் சாயங்கள் இருக்கின்றன. கோட்டின் வழியே வெட்டினால் எழுத்து குப்புறத் தகரப்பெட்டிக்குள் விழும். அதன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மிஞ்சிய தோல் நிறுவைக்குப் போகும்.

"சாமியின்ர புத்தகத்தை வெட்டச் சம்பளம் தாறாங்கள். செய்யிற பாவத்துக்கு மட்டும் ஒரு படியும் இல்லை," என்று மேற்பார்வையாளர் சூசைநாதன் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு மேசைகளுக்கிடையே நடந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே வேலை செய்தார்கள். ஊர்க்காரர் தொடக் கூசிய வேலை இவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது.

உரிநோய் வந்தபின், உயிரோடிருக்கும் எந்தப் பிராணியின் தோலும் சுத்தமில்லை. மனிதர்களுக்குத் தோல் கழன்று விழுந்தது. புதிய தோலை வளர்க்க, நோய் தொடாத காலத்துத் தோல் வேண்டும். பழைய செருப்பும் பையும் உதவவில்லை; பதனிடும் சரக்கு தோலின் நாரை மாற்றிவிடுகிறது. சுண்ணாம்பில் ஊறவைத்து, இழுத்துக் காயவைத்து, எழுதப்பட்ட தோல்தான் தப்பியிருந்தது. இடைக்கால இத்தாலியத் துறவிகள் எழுதிய இராட்சத விவிலியங்கள் அப்படித்தான் மருந்தாயின.

ஒருவருக்கு ஓர் ஏடு. இயந்திரம் குலுக்கி எடுக்கும். மிஞ்சிய தோலின் நிறை தேறாவிட்டால் நோயாளியின் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். அங்கிருந்து உயிரோடு மறுபடி முன்னுக்கு வந்தவர்கள் இல்லை.

அன்று காலை மெற்றில்டாவின் மேசைக்கு வந்த ஏட்டின் சீட்டில் அவளுடைய மகள் நிலானியின் பெயர் இருந்தது.

கவிழ்த்துப் போட்டாள். பச்சைக் கோடு ஏட்டின் உச்சியில் தொடங்கி அடிவரை இறங்கி, பாதித் தோலை வளைத்துக்கொண்டது.

"சூசையண்ணை, ஒருக்கா இஞ்ச வாங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். ஆதியாகமத்தின் முதல் ஏடு. அதன் முதல் எழுத்து ஒரு தூண்போல நீளும் என்பது வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏடு வந்த வீட்டில் அன்றைக்கே அழத் தொடங்கிவிடுவார்கள்.

"மாத்தித் தாங்கோ, அண்ணை."

"மாத்தினா இது ஆருக்குப் போகும், சொல்லு? அதுவும் ஒரு பிள்ளையா இருந்தா?"

"எனக்கு அது தெரியத் தேவையில்லை! ஈரச்சேலைக்குள்ள கிடக்கிறாள். தொட்டா என்ர கையோட தோல் வருது. பெத்த பிள்ளையைத் தொடேலாமக் கிடக்கிறன்."

சூசைநாதன் பச்சைக் கோட்டின் அகலத்தை விரலால் அளந்தார்.

"கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளால வெட்டட்டே?"

"ஈயம் கலந்தா நீயே அவளைக் கொல்லுவாய், மெற்றி."

அவள் கோட்டின் வழியே வெட்டி, மிஞ்சியதை நிறுத்தாள். தராசின் முள் குறியின் அருகில்கூட வரவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு எழுத்தை எடுத்தாள். மேசையில் முகம் தெரிய வைத்தாள்.

"கவிட்டுப் போடு! விசரே உனக்கு?"

தொடக்க நாட்களில் பார்த்து வெட்டினார்கள். பார்த்தவர்களின் கை ஓடவில்லை. சிலர் எழுத்துகளைச் சட்டைக்குள் ஒளித்தார்கள். அந்த இரக்கத்தினால்தான் கவிழ்க்கும் வழக்கமே வந்தது.

மெற்றில்டா பார்த்தாள். நீலமும் சிவப்புமான தூணுக்குள் வட்டம் வட்டமாகப் படங்கள்: ஒளியை இருளிலிருந்து பிரிக்கும் கை, மீன்கள், பறவைகள், ஆணின் விலாவிலிருந்து எழும் பெண். அவற்றையெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரு வெள்ளைக் கொடி. அவள் அழகைத் தேடவில்லை. விரலால் தடவினாள். நீலம் தடித்திருந்தது, சிவப்பும் தடித்திருந்தது. கொடி மட்டும் ஏட்டின் ஓரத்தைப்போல வழவழப்பாக இருந்தது.

"அண்ணை, இது சாயமில்லை. சுத்திவரத்தான் தீட்டியிருக்கிறான். கொடி வெறுந்தோல்."

சூசைநாதன் கதிர்மானியைக் கழற்றிக் கொடியோடு ஒட்டிப் பிடித்தார். அது கொடியில் நஞ்சு எதையும் காட்டவில்லை.

மெற்றில்டா வெட்டினாள். சாயத்தின் விளிம்பைத் தொடாமல், கொடியின் நடுவே, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கொடி நூல் நூலாகக் கழன்று வந்தது. கொடி குறுக்கே போன இடத்தில் பெண் நடுவில் பிளந்தாள், மீன்கள் உதிர்ந்தன. கொடி நூல்களையெல்லாம் மிஞ்சிய தோலோடு தட்டில் போட்டாள். முள் ஏறியது, குறிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது.

"காணாது," என்றாள். "அண்ணை, காணாது!"

அவர் தராசைப் பார்க்கவில்லை. "எல்லா எழுத்திலயும் இப்பிடிக் கொடி கிடக்குமோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் இண்டைக்குத்தானே பாக்கிறன்."

சூசைநாதன் வெட்டிய எழுத்துகளின் நச்சுப்பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போனார். திரும்பிவந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவருடைய மனைவி பிலோமினாவின் பெயர் அதில் எழுதியிருந்தது. போன மாரியில் அவளுடைய ஏட்டிலிருந்து அவரே கவிழ்த்துப் போட்டு வெட்டிய எழுத்து அது. நிறை கொஞ்சம்தான் குறைந்தது. அவள் வரிசையின் கடைசியில் கிடந்து செத்தாள்.

"நீ திருப்பு. எனக்கு ஏலாது."

அவள் திருப்பினாள். கொழுத்த கொடிகள். சாயம் அங்கங்கேதான். அந்த எழுத்தில் பெரும்பகுதி தீட்டாத தோலாகவே இருந்தது. நிறுக்கவேண்டிய தேவையே இல்லை.

"அவளுக்கு நிறை கண்டிருக்கும்," என்றார். "மிஞ்சியும் இருந்திருக்கும்."

கத்தி இன்னும் மெற்றில்டாவின் கையில் இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள், கீழே வைக்கவில்லை.

"வெட்டன். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

எழுத்து அசையாதபடி அவரே இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதல் கொடியை நிலானியின் தட்டில் போட்டதுமே முள் குறியைத் தாண்டியது.

மண்டபத்தில் மற்றவர்கள் கவிழ்த்துப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தகரத்தில் எழுத்துகள் விழும் சத்தம் விடாமல் கேட்டது. அவர்களில் பலர் தங்கள் வீட்டாரின் ஏட்டைத் தாங்களே கேட்டு வாங்கி வெட்டி, நிறை தேறாமல் அவர்களை இழந்தவர்கள்.

"நீ கெதியாக் கொண்டுபோ. பிள்ளைக்கு ஊறப்போடு," என்றார் சூசைநாதன். "இவையளுக்கு நான் சொல்லுறன்."

அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் மேசையில் கையை ஊன்றியபடியே நின்றார். அவருடைய வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.