ஒன்பது வினாடிக் குரல்

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அரை மணி நேரமான பிறகுதான், உம்மாவுக்குப் போனில் குரல் பதிந்து அனுப்பவில்லை என்பது ஜுமானாவுக்கு நினைவு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வீடியோவை மனமில்லாமல் நிறுத்தி, உம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். குரல் ஏற்கெனவே போயிருந்தது. பாங்கு முடிந்த கையோடு போயிருந்தது. உம்மா அதைக் கேட்டும் இருந்தார்.

நல்லதாய்ப் போயிற்று, கைப்பழக்கத்தில் அனுப்பியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய விரலுக்கு அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அவளைக் கேட்காமலே பூட்டுத் திறக்கும், அவளைக் கேட்காமலே அடுத்த வீடியோவுக்குத் தள்ளும். ஆனால் லுஹருக்கு அவள் வழக்கமாக அனுப்புவது ஒன்பது வினாடிக் குரல். இது பதினான்கு வினாடி.

உம்மா சுபைதா மூதூரில் தனியே இருக்கிறார். இடது கண் பார்வை போய்ப் பல வருடம். மிஞ்சியிருந்த வலது கண்ணுக்குப் பத்து நாட்களுக்கு முன்பு ஒப்பரேஷன் நடந்தது. கண்ணின் மேல் மூடி போட்டிருந்ததால் மணிக்கூடு பார்க்க ஏலாது, ஆகவே ஐந்து வேளைப் பாங்கை வைத்துத்தான் சொட்டு மருந்து. பக்கத்து வீட்டுப் பஹ்மியா வந்து கண்ணில் விட்டுப் போவாள். பாங்கு கேட்டதும் ஒரு குரல் அனுப்பி ஞாபகப்படுத்துவதுதான் ஜுமானாவின் வேலை. பல்கலைக்கழகம் போகிற மகளுக்கு இதைவிடச் சின்ன வேலை கிடைக்காது.

முதல் நாள் ஐந்து வேளையும் ஒழுங்காகப் பேசி அனுப்பினாள். இரண்டாம் நாள் அந்த ஐந்தையுமே திரும்ப அனுப்பினாள். திரும்ப அனுப்பியதற்கு அடையாளமாகச் சின்ன அம்புக்குறி விழத்தான் செய்யும். எழுத்து வாசிக்கத் தெரியாத, கண்ணையும் மூடிக்கொண்டிருக்கிற உம்மாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஒன்பது நாளாக அதே ஐந்து குரல். உம்மா, விரல் பழகிய இடத்தைத் தடவி அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கேட்டதுபோல் நீளமாகப் பதில் சொன்னார். ஜுமானா அவற்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாதியில் நிறுத்திவிடுவாள்.

ஒன்றை மட்டும் முழுதாகக் கேட்டிருந்தாள்.

"பத்தாம் நாள் மஃரிபோட மூடியக் கழட்டலாமாம், மகள். அந்த நேரம் நீ முன்னுக்கு வந்து நில்லு. முதல் உன்ட முகத்தத்தான் பாக்கோணும்."

இன்று பத்தாம் நாள். பொழுதுபட்டு மஃரிப் ஆவதற்குள் போகத்தான் வேண்டும். போகலாம் என்றுதான் காலையிலிருந்து கட்டிலில் கிடந்தாள்.

பதினான்கு வினாடியை ஓடவிட்டாள். "உம்மா, பாங்கு சொல்லிட்டாங்க. மருந்தப் போட்டுக்கொள்ளுங்க. நான் படிச்சிக்கொண்டிருக்கன்." அவளுடைய குரல்தான், அவளுடைய பொய்தான். ஆனால் பழையதில் பின்னால் கேட்கும் மின்விசிறிச் சத்தம் இதில் இல்லை. பஸ் இயந்திரத்தின் உறுமல் இருந்தது. "கிண்ணியா, மூதூர், கிண்ணியா, மூதூர்" என்று ஒரு கொண்டக்டர் கூப்பிடுவது கேட்டது. ஒரு பிள்ளை அழுதது. பிறகு ஐந்து வினாடி ஒருவரும் பேசவில்லை. மூச்சு மட்டும்.

மூதூரிலிருந்து பஸ் தூரத்தில், ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற இந்த வாடகை அறையை விட்டு அவள் மூன்று நாளாக வெளியே போகவில்லை.

மேலே தள்ளி ஸுபஹுக் குரலைப் பார்த்தாள். விடிய ஐந்துக்கு முன் போயிருந்தது, அவள் நல்ல தூக்கத்தில் இருந்த நேரம். அதே சொற்கள். பின்னால் இந்த அறையின் மின்விசிறி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருதரம் தட்டுகிற அந்தச் சத்தத்தோடு. அதற்கும் அடியில், யாரோ தூங்குகிற மூச்சு. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூக்கத்தில் மூக்கு இலேசாக விசிலடிக்கும். அந்த விசில் கேட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்று அவள் குரல் பேசியிருக்கிறது.

பயம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. உடம்பு முழுக்க ஒரு மரத்த தன்மை, வெகுநேரம் மடித்து வைத்த காலில் வருவதுபோல. யன்னலுக்கு வெளியே துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எண்ணெய் வாடையும் பக்கத்துக் குசினியில் மீன் பொரிக்கிற மணமும் கலந்து வந்தன. அவள் மறுபடி வீடியோவுக்குப் போனாள். ஒன்று பார்த்துவிட்டு எழும்பலாம் என்று போனவள், எத்தனை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போன் நடுங்கியபோது பின்னேரம், அஸர் ஆகியிருந்தது. உம்மாவின் பக்கத்தில் புதிதாக ஒரு குரல், அவள் அனுப்பியதாக. இருபது வினாடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உம்மா அதைக் கேட்டுவிட்டதாகக் காட்டியது.

இதில் வேலிப் படலை கிறீச்சிடும் சத்தம் முதலில் வந்தது. அவர்கள் வீட்டுப் படலை. வாப்பா மௌத்தாகி அடக்கமான வருடத்திலிருந்து எண்ணெய் காணாத படலை. பிறகு செருப்பைக் கழற்றுகிற சத்தம். கோழிகள். பிறகு, மிக நிதானமாக: "உம்மா, வந்திட்டன்."

அந்தச் சொற்களை அவள் ஒருநாளும் பதிந்ததில்லை.

உம்மாவுக்கு அழைப்பு எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் பஹ்மியா எழுதியிருந்தாள்: 'நீ வந்திட்டாயாம், உம்மா சொன்னா. வாசல்ல செருப்பும் கிடக்கு. அப்ப மஃரிபுக்கு நான் வரல்ல, நீயே மருந்து விடு.'

அப்போதுதான் கட்டிலை விட்டு எழும்பினாள். அந்தக் கண்ணுக்கு மேலே இனி யாருடைய கை இருக்கப்போகிறது?

அறைத்தோழி பிரியங்கினி மற்றக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அறைக்குள் இருந்துகொண்டு இருவரும் எழுத்தில்தான் பேசிக்கொள்வார்கள். ஜுமானா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாய் திறந்தது. காற்று வந்தது. குரல் வரவில்லை. இன்னொருதரம் முயன்றாள், தொண்டையைப் பிடித்துக்கொண்டு. பிரியங்கினி திரும்பவில்லை. கடைசியாக வாய்விட்டுப் பேசியது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். நேற்று இல்லை. முந்தநாளும் இல்லை. அந்த ஐந்து குரலுக்குப் பிறகு பேசிய ஒரு சொல்கூட ஞாபகத்தில் இல்லை.

பஸ்ஸில் கொண்டக்டர் எங்கே என்று கேட்டபோது 'மூதூர்' என்று போனில் எழுதிக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"இப்ப எல்லாப் பிள்ளையளும் இப்பிடித்தான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தான்.

சீனன்குடா கழிந்தது. கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது கடற்காற்று முகத்தில் அடித்தது, ஆனால் அது முகத்தில் பட்டதாக அவளுக்குத் தெரியவில்லை. நேரம் என்ன என்று பார்க்கத்தான் போனைத் திறந்தாள். சத்தியமாக நேரம் பார்க்கத்தான். விரல் வேறு எங்கோ போயிற்று. யாரோ சமைத்தார்கள், யாரோ விழுந்தார்கள், யாரோ சிரித்தார்கள். தலையை நிமிர்த்தியபோது இறங்கவேண்டிய இடம் இரண்டு பஸ் தரிப்பு பின்னால் போய்விட்டிருந்தது.

நிறுத்தச் சொல்லக் குரல் இல்லை. மணிக் கயிறும் அறுந்து கிடந்தது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்ப ஓடினாள். வெளிச்சம் வயலுக்குள் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. புகை வாடை. தூரத்தில் நாய். கால் தரையில் படுகிறதா என்று சந்தேகமாக இருந்தது. பாதி வழியில் பாங்கு கேட்டது.

மஃரிப்.

படலை திறந்து கிடந்தது. வாசலில் ஒரு சோடிச் செருப்பு. அவளுடையது. குனிந்து தன் காலைப் பார்த்தாள். அதே செருப்பு.

உள்ளே விளக்கு எரிந்தது. உம்மா கதிரையில் சாய்ந்திருந்தார். மூடி கழற்றிய கண் சிவந்து, நீர் வடிந்து, அகலத் திறந்திருந்தது. மருந்துக் குப்பி மேசையில் மூடியில்லாமல் நின்றது. எதிரே இன்னொரு கதிரை, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில். அதில் யாரும் இல்லை.

உம்மா அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெலிஞ்சு போனாய், மகள்."

"படிப்புத்தானே உம்மா," என்றது ஜுமானாவின் குரல். போனிலிருந்து அல்ல. கதிரையிலிருந்து.

ஜுமானா வாசற்படியில் நின்று உம்மா என்று கத்தினாள். காற்று. கதவு நிலையில் கையால் அறைந்தாள். சத்தம் எழவில்லை. கை வலிக்கவும் இல்லை. ஆனாலும் உம்மாவுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். புதுக் கண்ணை வாசல் பக்கம் திருப்பினார். அவள் முகத்துக்கு நேரே, அவள் கண்ணுக்கு நேரே. பத்து நாள் காத்திருந்த கண், அவளில் நிற்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த இருட்டுக்குப் போயிற்று.

"வாசல்ல ஆரு மகள்?"

"ஒருத்தரும் இல்ல உம்மா. காத்து."

"ஓம், காத்துத்தான்," என்று உம்மா திரும்பிக்கொண்டார். கையை நீட்டினார். கதிரைக்கு மேலே, வெறும் காற்றில், அந்தக் கை ஒரு நெற்றியில் படிந்து, கன்னத்தின் வளைவில் மெதுவாக இறங்கி, நாடியில் வந்து நின்றது. அங்கிருந்து மறுபடி மேலே ஏறி, ஆசை தீராமல் தடவியது.

ஜுமானா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். தடவிப் பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள். கன்னத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே உம்மாவின் கை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.