மீட்டரில் பதினாலு

இரண்டு வருஷமாக நகரவே நகராத வண்டி என்று சொல்லித்தான் காட்டினார்கள். குனிந்து எஞ்சினைப் பார்த்தபோது மாறனின் முழங்கை சைலன்சரில் பட்டது. சுரீரென்று சுட்டது.

"காலையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் தம்பி, அதான்," என்றார் இளஞ்செழியன்.

காலையில் போட்ட வண்டி சாயங்காலம் வரைக்குமா சுடும்? கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் சொன்ன விலை அதை உள்ளே தள்ளிவிட்டது.

அடி அண்ணாமலையில், அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகையில் நின்றது வண்டி. செத்துப்போன தம்பியுடையதாம். மூடியிருந்த தார்ப்பாயின்மேல் விரல் கனத்துக்குத் தூசி. அதை விலக்கினால், சீட்டு மட்டும் தினமும் யாரோ உட்கார்ந்து எழுந்தாற்போல வழவழவென்று மின்னியது. சாணியும் பழைய வைக்கோலும் நாறுகிற அந்தக் கொட்டகையில், வண்டியைச் சுற்றி மட்டும் கற்பூர வாசனை அடித்தது.

மாறன் ஒன்றும் ஏமாளி இல்லை. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற வண்டிக்கு ஜாதகமே பார்க்கலாம். இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஒரே ஓனர் என்று போனில் தட்டிப் பார்த்ததெல்லாம் சரியாக வந்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த கடைசி சர்வீஸ் பில்தான் உதைத்தது. அதில் எழுதியிருந்த கிலோமீட்டரைவிட, மீட்டர் இப்போது பத்தாயிரத்துக்கும் மேலே காட்டியது.

"நிக்கிற வண்டி எப்படிண்ணே பத்தாயிரம் ஓடும்?"

இளஞ்செழியன், மாறனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மகள் பூஜாவைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"ஆறு. இவள ஸ்கூல்ல விடத்தான் வண்டியே."

"இன்னும் கம்மி பண்ணிக்கிறேன். காசும் இப்ப வேணாம். ரெண்டு நாள் வச்சி ஓட்டிப் பாருங்க, மெக்கானிக்க காட்டுங்க, அப்புறம் குடுங்க." சாவியை மாறனின் கையில் திணித்தார். அதற்குப் பிறகு அவர் பூஜா பக்கம் திரும்பவே இல்லை.

மனைவி ஆர்த்திக்கு ஆஸ்பத்திரியில் இந்த மாதம் முழுக்க ராத்திரி டியூட்டி. விடிந்தால் அவளைக் கூட்டி வர வேண்டும், பூஜாவை வேங்கிக்காலில் இருக்கும் பள்ளியில் விட வேண்டும். ஆட்டோவுக்கு அழுதே சம்பளம் கரைந்துகொண்டிருந்தது. மாறன் வண்டியை எடுத்துக்கொண்டான்.

"எஞ்சின் தங்கம்ணே," என்றான் மெக்கானிக் சடையன். "மீட்டர்லதான் எதனா கோளாறு இருக்கும். நைட்டு போட்டோ எடுத்து வச்சிக்க, காலையில பாரு. தானா ஓடுச்சின்னா மாத்திரலாம்." பிறகு பின்சக்கரத்தின் பக்கம் கையைக் காட்டினான். "இத பாத்தியா? கொழந்த கால் வெக்கறதுக்குன்னே மேல தனியா இரும்புக் கட்ட வச்சி வெல்டிங் அடிச்சிருக்காங்க."

பூஜா தாவி ஏறிப் பாதங்களை வைத்தாள். அளவெடுத்துச் செய்தாற்போல இருந்தது. ஒரு செலவு மிச்சம் என்று மாறனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்று இரவு வண்டியை வாசலில் நிறுத்தி, ஹேண்டிலைப் பூட்டி, ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு, மீட்டரைப் படமெடுத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் பதினாலு கூடியிருந்தது.

கோளாறுதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனான். பூஜா எழுப்ப எழுப்ப எழவில்லை. ராத்திரி பின்னிவிட்ட தலைமுடி, காற்றில் போனாற்போலக் கலைந்து பின்னுக்குப் பறந்து கிடந்தது. நெற்றி நிறைய விபூதி.

கூட்டிப்போக ஆள் வரவில்லை என்று ஆட்டோவில் வந்து இறங்கிய ஆர்த்தியிடம், "நீயா வச்சிவுட்ட?" என்று கேட்டான்.

"ஏங்க, நான் இப்பத்தான வாசப்படி மிதிக்கிறேன். நீங்க வெக்கலியா?"

சித்திரை மாதப் புழுக்கத்தில் பூஜா போர்வையை இழுத்துக்கொண்டாள். "குளிருதுப்பா," என்றாள் தூக்கத்திலேயே.

இந்த ஊரில் பிறந்தவனுக்குப் பதினாலு கிலோமீட்டர் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைச் சுற்றி வரும் தூரம் அது. கிரிவலம் ஒரு சுற்று. மாறன் சர்வீஸ் பில்லை எடுத்தான். இரண்டு வருஷம், நாளுக்கு ஒரு சுற்று. பெருக்கிப் பார்த்தான். கணக்கு இடித்துக்கொண்டு நிற்கும் என்றுதான் நம்பினான். சரியாக வந்தது.

அப்போதே வண்டியை அடி அண்ணாமலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். இளஞ்செழியன் வீடு பூட்டியிருந்தது. போன் ஸ்விட்ச் ஆஃப்.

"வெடியறதுக்கு முன்னாடியே சாமானெல்லாம் ஏத்திக்கினு போயிட்டாங்கப்பா," என்றாள் பக்கத்து வீட்டு ராணியம்மாள். வண்டியைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அவுரு தம்பி வண்டிதான இது? தெனமும் பொண்ண பின்னாடி குந்தவச்சி மலைய சுத்துவான். ஒடம்பு முடியாத பொண்ணு, பொழைக்கல. அந்த ஏக்கத்துலயே அவனும் போயிட்டான்."

மாறன் வண்டியைக் கொட்டகைத் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டினான். சாவியைக் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்த கிணற்றில் எறிந்தான். அது தண்ணீரில் விழுந்த சத்தம் காதில் விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று ஆர்த்தி, "லீவு போடட்டுமா?" என்று கேட்டாள். வண்டிதான் தொலைந்ததே, போய் வா என்று அனுப்பிவிட்டான். கதவுக்கு மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டான். பூஜாவைப் பக்கத்தில் படுக்கவைத்து, அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். மின்விசிறி கடகடத்தது. கிரிவலப் பாதையில் தாமதமாகச் சுற்றுகிற யாரோ சிலரின் பேச்சுச் சத்தம் தெருமுனை வரைக்கும் வந்து தேய்ந்தது. தெருநாய்கள் வழக்கம்போலச் சண்டை போட்டன. அந்தச் சண்டையைக் கேட்டபடியே கண் அசந்தான்.

விழித்தபோது கற்பூர வாசனை.

மின்விசிறி நின்றிருந்தது. நாய்கள் குரைக்கவில்லை. கைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தான்.

தலையணையின் மூலை.

"பூஜா."

பாயில் சூடு இல்லை. குளியலறையில் இல்லை. கதவில் மேல் தாழ் அப்படியே இருந்தது. கீழ்த் தாழும்.

தூரத்தில், மலைப் பக்கம், ஒரு சத்தம். எஞ்சின் சத்தம். தங்கம் என்று சடையன் சொன்ன எஞ்சின்.

தாழ்களை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினான். தெருமுனையில் வெளிச்சம் திரும்பியது. வேகமில்லை. பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் ஓட்டும் வேகம். பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது. மெல்ல வந்தது. வாசலில் நின்றது.

முன் சீட்டு காலி.

பின்னால் பூஜா. கண் மூடியிருந்தாள். பாதங்கள் அந்தச் சின்னக் கட்டைகளின்மேல் இருந்தன. இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, வெறும் காற்றைச் சுற்றி வளைத்து, விரல்கள் கோத்திருந்தன. ஒரு கன்னம் சப்பையாக அழுந்தியிருந்தது. ஒரு முதுகில் சாய்ந்து தூங்குகிற குழந்தையின் கன்னம்.

அவளை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. இழுத்தான். வரவில்லை.

கோத்திருந்த விரல்களைப் பிரிக்கக் கையைக் கொண்டுபோனான்.

அவற்றின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. பெரிய கை. ஈரமாக, கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியோடு. குழந்தை விழுந்துவிடாமல் பத்திரமாகப் பொத்திப் பிடித்திருந்தது.

கீழே டக்கென்று கியர் விழுந்தது.