எதிர்த்தரப்பு சாட்சி

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில், மழைக்கு ஒதுங்கி நீதிமன்ற வாசலில் நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது. சாய்தளத்தில் பாதி தூரம் ஏறியிருந்த அவளுடைய சக்கர நாற்காலியை, கேட்காமல் கொள்ளாமல் பின்னாலிருந்து எவனோ தள்ள ஆரம்பித்திருந்தான்.

அவனும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக, சட்டென்று கையை எடுத்துவிட்டான். நாற்காலி பின்னால் உருண்டு அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது.

"அம்மா...!"

"சரிவுல வச்சு யாராவது கையை விடுவாங்களா?"

"நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க..."

"தள்ளட்டுமான்னு முதல்லயே கேட்டிருக்கணும்!"

"சரிங்க, இப்பக் கேக்கறேன். கொஞ்சம் முன்னாடி தள்ளட்டுமா? என் கால் உங்க சக்கரத்துக்கு அடியில இருக்கு."

கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பாழாய்ப்போன சிரிப்பு வந்து தொலைத்தது. வழக்கமாக எல்லோரும் முதலில் நாற்காலியைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள், உடனே 'ஐயோ பாவம்' என்று ஒரு முகத்தை மாட்டிக்கொள்வார்கள். இவனுடைய பெரிய கண்களில் வலி மட்டும்தான் இருந்தது. அதுவும் அவனுடைய சொந்த வலி!

நீதிபதி வர நேரமிருந்தது. மழை விடும்வரை இருவரும் வராந்தாவில் வாய் ஓயாமல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம்...

அன்று அவள் நடத்திய வழக்கு ஓர் இளம்பெண்ணுக்காக. கால்கள் செயலிழந்த அந்தப் பெண் வேலைக்கான நேர்காணலுக்குப் போன இடத்தில், அலுவலகச் சாய்தளம் செங்குத்தாக இருந்ததால் நாற்காலியோடு சரிந்து விழுந்தாள். மணிக்கட்டும் உடைந்தது, நேர்காணலும் கைவிட்டுப் போனது. அந்தச் சாய்தளத்தை வக்கீலான இவளே நேரில் போய் அளந்து பார்த்திருந்தாள். இருக்க வேண்டிய நீளத்தில் பாதிதான் இருந்தது.

எதிர்த்தரப்பு சாட்சியைக் கூப்பிட்டார்கள். அதைக் கட்டிய, அந்த அலுவலகத்து என்ஜினியராம். காலை விந்திக்கொண்டே கூண்டில் ஏறினான் அவன்.

அவள் அவசரமாகக் கேஸ் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்று அவர்கள் பக்கத்து வக்கீல் மட்டும் அவனை விசாரித்தார். இவளுடைய குறுக்கு விசாரணை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போனது. வெளியே அவன் காத்திருந்தான்.

"ஒரு டீ...?"

"நீங்க எதிர்த்தரப்பு சாட்சி. வழக்கு முடியற வரைக்கும் நாம பேசக்கூடாது."

"டீ குடிச்சுக்கிட்டே பேசாம இருக்கலாமே?"

"டீயும் கூடாது!"

அதன்பிறகு அவன் அலுவலகத்து வழக்குகளுக்காக வரும்போதெல்லாம் கேன்டீனில் ஒரு மூலையில் அவன், எதிர் மூலையில் அவள். வாய்க்குத்தான் தடை. கண்களுக்கு எந்தச் சட்டமும் இல்லையே... அவை பாட்டுக்குப் பேசித் தீர்த்தன.

"என்னடி, கேஸ் கட்டைப் பார்த்துச் சிரிக்கறே?" என்று வீட்டில் அண்ணி பிடித்துக்கொண்டாள். "யாரு அது?"

"எதிர்த்தரப்பு சாட்சி, அண்ணி."

"போச்சுடா! அவனையா கிழிகிழின்னு கிழிக்கப் போறே?"

அதுதான் அவளுடைய தலைவலியும். சாய்தளத்தை இடித்துக் கட்டச் சொல்லி எப்படியும் உத்தரவு வந்துவிடும். ஆனால் அது தவறு என்று தெரிந்தே கட்டினார்கள் என்று நிரூபித்தால்தான் அந்தப் பெண்ணுக்கு மறுபடி நேர்காணல் கிடைக்கும். அதை அவன் வாயால் வரவழைத்தால், அவன் வேலைக்கு உலை வைத்த மாதிரி.

குறுக்கு விசாரணை அன்று, கடைசிக் கேள்வியைக் கேட்காமல் அவள் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பாவம், விட்டுவிடலாமா...

பாவமா? தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. அவள் வாழ்க்கையில் ஆகவே ஆகாத வார்த்தை அது. பின்வரிசையில் அந்தப் பெண் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

"இது சக்கர நாற்காலி ஏற முடியாத செங்குத்துன்னு கட்டும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பித்துவிடுவான்.

"தெரியும்," என்றான் அவன். "நீளம் போதாதுன்னு சொன்னேன். மேலதிகாரி கார் நிறுத்த இடம் வேணும்னாங்க. பாதியாக் குறைச்சோம். நானும் வாயை மூடிக்கிட்டேன்."

வழக்கு ஜெயித்தது. அந்தப் பெண் இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது என்று அவள் கேன்டீன் பக்கமே போகவில்லை.

ஒரு தூறல் மாலையில் அவனே அவளுடைய அலுவலகத்துக்கு வந்துவிட்டான்.

"இப்போ பேசலாம்தானே?"

"திட்டத்தானே வந்தீங்க? திட்டிடுங்க..."

"எதுக்கு? தினமும் அந்தச் சாய்தளத்து வாசலைத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத் தாண்டுவேன். இனிமே அது வேண்டாம்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசிக் கேள்விக்கு முன்னாடி ஏன் அவ்வளவு நேரம் தயங்கினீங்க?"

"கேக்காம விட்டுடலாமான்னு..."

அவன் முகம் வாடியது. "பரிதாபமா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா பரிதாபப்படறவங்களுக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்... எனக்கு வரலை."

"அப்போ அதுக்குப் பேரு என்ன?"

"வக்கீலையே குறுக்கு விசாரணை பண்றீங்களா?"

"பதில் வரட்டும், மேடம்."

ஊருக்கெல்லாம் வாதாடுகிறவள், தன் விஷயம் என்றதும் மடியில் கிடந்த விரல்களையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு... வேலை இருந்தாலும், இல்லாட்டாலும்."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன.

"அன்னைக்கு நீங்க கேக்காம விட்டிருந்தா, நான் இந்த வாசலை மிதிச்சிருக்கவே மாட்டேன்," என்றான் மெதுவாக. "எனக்காகக்கூட வளைஞ்சு குடுக்காத ஒருத்தியைத்தான்... நான் இவ்வளவு நாளா காதலிச்சுக்கிட்டு இருக்கேன்."