ஒரு மணிக்கு வெறுமையாக இருந்த மண்டபம்

சனிக்கிழமை காலை கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஸ்ரீதரனின் பலசரக்குக் கடைக்குள் வந்த ஜெனோசன் ஒன்றும் வாங்க வரவில்லை. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபடி, "அண்ணை, என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்" என்றான்.

ஸ்ரீதரன் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார். மத்திய லண்டனில் ஒரு பல்கலைக்கழகம், அமெரிக்க வரலாறு, சட்டம், அரசியல் என்று வியாழக்கிழமைகளில் இலவசமாக நடத்தும் பொது விரிவுரைகளுக்கு அவர் மூன்று வருடமாகத் தவறாமல் போகிறவர். வெங்காயம் வாங்க வந்தவர்களுக்குக்கூட அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றி விளக்காமல் விடமாட்டார். அந்த விரிவுரை மண்டபங்களின் காமெரா, மைக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன்தான் ஜெனோசன்.

"பொறும், ஒண்டும் சொல்லாதையும்" என்று அவனை மறித்துவிட்டு, படியடியில் நின்று மேல் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "ரூபினி! ஒருக்கா இறங்கி வாரும், ஒரு கேஸ்!"

மேல் வீட்டில் குடியிருக்கும் சிவரூபினி தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தாள். குடிவரவுத் தீர்ப்பாயத்தில் இருபது வருடமாக மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் திருப்பிச் சொல்லிப் பழகியவள். தெருவில் யாருக்குச் சிக்கல் என்றாலும் ஸ்ரீதரன் அவளைத்தான் கூப்பிடுவார். பிறகு தானே கண்டுபிடித்தமாதிரி ஊரெல்லாம் சொல்வார்.

"முதல்ல இருந்து சொல்லும், தம்பி" என்றாள்.

"வியாழக்கிழமை ஆறு மணிக்குக் கூட்டம். 'விசாரிக்காமல் தண்டிக்கலாமா?' எண்டது தலைப்பு. பேராசிரியர் டெலேனி வாஷிங்டனில இருந்து திரையில பேசுறதா ஏற்பாடு. நான் நாலே முக்காலுக்கே பெரிய மண்டபத்துக் காமெராவை இணைச்சுப்போட்டு, கீழ சின்ன மண்டபத்தில மைக் பூட்டப் போனன். ஆறு மணிக்குச் சனம் நிறைஞ்சிட்டுது. அவ வரேல்லை."

"எனக்கு இந்தக் கிழமையே சரியில்லை" என்று ஸ்ரீதரன் இடையில் புகுந்தார். "ஞாயிற்றுக்கிழமை வழமைபோல மூண்டு மணிக்கு டொரன்டோவில இருக்கிற அக்காவுக்கு எடுத்தா, ஏன் இவ்வளவு பிந்தி எடுக்கிறாய் எண்டு ஏச்சு. வியாழக்கிழமை அரை மணித்தியாலம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன்."

சிவரூபினி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஜெனோசன் பக்கம் திரும்பினாள். அவன் ஒரு தாளை நீட்டினான். டெலேனி எழுதிய புகார்.

"சொன்னபடி என் நேரம் ஒரு மணிக்கு இணைந்தேன். ஒன்றரை வரை காத்திருந்தேன். ஒரு பார்வையாளர்கூட இல்லை. மேடையில் மஞ்சள் பூக்கள். பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் தரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு என் வகுப்புக்குப் போய்விட்டேன்."

"அவ இணைஞ்ச பதிவும் அவவின்ர நேரம் ஒரு மணி எண்டுதான் காட்டுது. வாஷிங்டனில ஒரு மணி எண்டா இங்க ஆறு" என்றான் ஜெனோசன். "அந்த நேரம் பெரிய மண்டபத்தில இருநூறு பேர். அதால நான் சின்ன மண்டபத்துக் காமெராவை மாறிக் குடுத்திட்டன் எண்டு விரிவுரைகளை நடத்துற இயக்குநர் ஹார்வுட் முடிவு கட்டிப்போட்டார். நான் சொல்ல வந்ததைக் கேக்கவே இல்லை. திங்கட்கிழமை நிரந்தர வேலைக் கடிதம் தாறதா இருந்தவர். அதை நம்பித்தான் கீர்த்திகா இருந்த வேலையை விட்டிட்டு நேர்ஸிங் படிக்கச் சேர்ந்தவ. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

அவன் மனைவியின் பெயரைச் சொன்னபோது குரல் இறங்கிப்போனது. ஸ்ரீதரனுக்குக் கோபம் வந்தது.

"அவ பொய் சொல்லுறா! பேச மறந்துபோட்டு இந்தப் பிள்ளையின்ர தலையில கட்டுறா!"

"மறந்தவவுக்கு மஞ்சள் பூ எப்பிடித் தெரியும், ஸ்ரீ அண்ணை?" என்றாள் சிவரூபினி. "தம்பி, அந்தப் பூ எந்த மண்டபத்தில இருந்தது?"

"பெரிய மண்டபத்தில மட்டும்தான். ஹார்வுட்டே கொண்டுவந்து வைச்சவர்."

"பச்சைத் தலைத்துணி?"

"செல்வமலர் அக்காவா இருக்கும். ரெண்டு மண்டபமும் அவதான் துப்புரவு."

பக்கத்துப் பிளேஸ்டோவில் இருக்கும் செல்வமலர் ஸ்ரீதரனின் வாடிக்கையாளர். உடனே போன் எடுத்து எல்லோரும் கேட்கும்படி வைத்தார். "பெரிய மண்டபத்தை ஐஞ்சு மணிக்குத் துடங்கி ஐஞ்சரைக்கு முடிச்சிடுவன். ஆறு மணிக்கு நான் பஸ்ஸில. ஏன், ஏதும் துலைஞ்சு போச்சோ?" என்றாள் செல்வமலர்.

"ஒண்டும் துலையேல்லை, அக்கா. திங்கட்கிழமை ஒருக்கா வருவீங்களோ?" என்றாள் சிவரூபினி. அதற்குமேல் ஸ்ரீதரன் எவ்வளவு குடைந்தும் அவள் வாய் திறக்கவில்லை. அன்றிரவு அவருக்கு நித்திரையே வரவில்லை.

திங்கட்கிழமை பெரிய மண்டபத்தில் ஐந்து பேர் கூடினார்கள். முப்பது வருடமாக அமெரிக்க வரலாறு படிப்பிக்கும் ஹார்வுட், "பத்து நிமிடம்தான் தரலாம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெனோசன் கடைசி வரிசையில், இருக்கையின் நுனியில் இருந்தான். அருகில் செல்வமலர்.

சிவரூபினி ஆங்கிலத்தில் நிதானமாகத் தொடங்கினாள். "டெலேனி பார்த்தது மஞ்சள் பூ. ஆகவே அவர் பார்த்தது இந்த மண்டபத்தைத்தான். ஜெனோசன் காமெராவை மாற்றவில்லை."

"ஆறு மணிக்கு இங்கே இருநூறு பேர் இருந்தார்களே!"

"இருந்தார்கள். ஆனால் அவர் பார்த்தது செல்வமலரை. செல்வமலர் இங்கே நின்றது ஐந்திலிருந்து ஐந்தரை வரை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் சரி. அப்படியென்றால் எது பிழை?"

ஹார்வுட் கைக்கடிகாரத்தை விட்டு அவளைப் பார்த்தார். அவள் ஸ்ரீதரன் பக்கம் திரும்பினாள். "ஸ்ரீ அண்ணை, போன கிழமை ஞாயிறு அக்கா ஏன் ஏசினவ?"

"பிந்தி எடுத்ததுக்கு. ஆனா நான் மூண்டு மணிக்கு, சரியாத்தானே..." அவர் பாதியில் நின்றார். டொரன்டோவுக்கும் வாஷிங்டனுக்கும் ஒரே நேரம். "ஐயோ! அங்க மணிக்கூட்டை மாத்திப்போட்டாங்கள்!"

"அதுதான்" என்றாள் சிவரூபினி. பிறகு ஹார்வுட்டிடம் சொன்னாள்: "வட அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். நாம் கடைசி ஞாயிறுதான் தள்ளுவோம். இடையில் உள்ள நாட்களில் வித்தியாசம் ஐந்து அல்ல, நான்கு மணித்தியாலம். டெலேனியின் ஒரு மணி, நமக்கு ஐந்து மணி. அந்த நேரம் ஜெனோசன் கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரத்தைக் கணக்கிட்டு அறிவித்தலில் ஆறு என்று போட்டது யார்?"

ஹார்வுட்டின் முகம் சிவந்தது. சட்டைப்பைக்குள் கையை விட்டார், எடுத்தார், எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"நான்தான்" என்றார் கடைசியில். எழுந்து பின்வரிசை வரைக்கும் நடந்து போனார். "விசாரிக்காமல் தண்டிப்பதைப் பற்றி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டு, உங்களை விசாரிக்காமல் தண்டித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னியுங்கள்." ஜெனோசன் அவர் நீட்டிய கையைப் பிடித்தான். நிரந்தர வேலைக் கடிதம் அன்று மாலையே வந்தது. அவன் முதல் போன் கீர்த்திகாவுக்கு, இரண்டாவது கடைக்கு.

அடுத்த வியாழக்கிழமை, லண்டன் நேரம் ஆறு, வாஷிங்டன் நேரம் இரண்டு. மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. திரையில் தோன்றிய டெலேனி தன் தாள்களைத் திறக்கவில்லை.

"போன முறை நான் வெறும் மண்டபத்தைப் பார்த்தேன். ஏன் என்று கேட்காமலே புகார் எழுதினேன். எங்கே அந்தத் தொழில்நுட்ப ஊழியர்? அவர் பேசிய பிறகுதான் நான் பேசுவேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஜெனோசன் தயங்கித் தயங்கி மைக்கை எடுத்தான்.

"வணக்கம், பேராசிரியர். நான் பேசுவது கேட்கிறதா?"

"மிகத் தெளிவாகக் கேட்கிறது" என்றார் டெலேனி.

ஸ்ரீதரன்தான் முதலில் கை தட்டினார். தட்டிய வேகத்தில் குறிப்புப் புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.