இரண்டு நாள் தோல்

எதிரே வந்த டெல்பர்ட்டின் பிக்கப் வண்டியைப் பார்த்தும் வெர்லின் விரலைத் தூக்கவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். அந்தப் புல்வெளி மாவட்டத்தில் அது பெரிய விஷயம்தான். பத்து மைலுக்கு ஒரு வீடு, ஒரு நாளைக்கு நாலு வண்டி. வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் எதிரே வந்தாலும் வணக்கம் சொல்ல ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரல் தானாக எழுந்துவிடும். ஒமாஹா நகரத்திலிருந்து வாழவந்த அவன் மனைவி மார்லிஸே முதல் வாரத்தில் அதைப் பழகிக்கொண்டாள். வெர்லின் பிறந்ததே இங்கே.

பக்கத்துப் பண்ணைக்காரரான டெல்பர்ட் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "என்னம்மா மார்லிஸ், உன் வீட்டுக்காரனுக்குப் பனியில விரல் ஒடிஞ்சு விழுந்துடுச்சா? இல்ல, தொரை பெரிய மனுஷனாயிட்டாரா?"

"தூக்கமே இல்ல அவனுக்கு. பனிப்புயல்ல ராத்திரி முழுக்க மாட்டோட கெடந்தான்" என்று மார்லிஸ் சிரித்துச் சமாளித்தாள்.

வெர்லின் டெல்பர்ட்டின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி கிளம்பிய பிறகு, ஆளே இல்லாத சாலையைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். இறக்கினான். மறுபடி தூக்கினான்.

மார்லிஸ் மடியிலிருந்த எட்டு மாதக் குழந்தை ஜோனியை இறுக்கிக்கொண்டாள்.

முந்தாநாள் மதியம்தான் அவன் புயலிலிருந்து திரும்பினான். ஈனுகிற மாடுகளைத் தேடிப் போனவன், ஒரு பகலும் ஓர் இரவும் கழித்து நடந்தே வந்தான். அன்றிலிருந்து கோட்டைக் கழற்றவில்லை. படுக்கையில்கூட. கேட்டால் "குளிருது" என்பான். எப்போதும் அவன் காலடியை விட்டு நகராத நாய் டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்ததுதான், சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் மார்லிஸ் அவன் தோளில் முகத்தைப் புதைத்து மோந்து பார்ப்பாள். புகையிலை, அயோடின், மாட்டுப்பால், அவனுடைய வியர்வை. அவனேதான். வேறு யாராம்? கட்டின புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஜோனியையும் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனார்கள். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பலகை இடுக்குகள் வழியே வந்த வெளிச்சத்தில், ஓர் அநாதைக் கன்று, கன்றைப் பறிகொடுத்த பசுவிடம், அதன் செத்த கன்றின் தோலைப் போர்த்திக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. புயலுக்கு முந்தின நாள் வெர்லினே உரித்து, கால்களுக்கு ஓட்டை போட்டு, ஆரஞ்சு நிறக் கயிற்றால் கட்டிவிட்ட தோல். ஓரமெல்லாம் அழுகி வாடை அடித்தது.

"இதை இன்னும் அவுக்கலையா? நாத்தம் குடலைப் புடுங்குது" என்றாள்.

"எதை?"

"அந்தத் தோலை."

அவன் கன்றை வெகுநேரம் பார்த்தான். "எதுக்கு அது?"

பண்ணைக்காரன் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் அவள் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"நீதானே சொல்லிக்குடுத்த. மாடு கண்ணால பாக்காது, மூக்காலதான் பாக்கும். தன் கன்னு வாசனை வந்தா சேத்துக்கும். ரெண்டு நாள் சேத்துக்கிட்டா போதும், அப்புறம் தோலை எடுத்துடலாம்."

"எடுத்தா வெரட்டாதா?"

"வெரட்டாது. அதுக்கப்புறம் உள்ள எது இருந்தாலும் அதோட பிள்ளைதான்."

திரும்பி வந்ததிலிருந்து முதல் தடவையாக வெர்லின் சிரித்தான்.

"நான் வந்து ரெண்டு நாளாச்சு, மார்லிஸ்."

கொட்டகைக் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கோட்டு கீழே விழுந்தது. கழுத்தடியில் ஒரு முடிச்சு. ஆரஞ்சு நிறக் கயிறு.

அவள் பின்வாங்கினாள். முதுகில் பலகை இடித்தது. பசு மிரண்டு கத்தியது.

அவன் கைகள் மேலே போயின. முடிச்சு அவிழ்ந்தது. கழுத்தைச் சுற்றித் தோலின் விளிம்பு தளர்ந்து, மெல்லத் தூக்கிக்கொண்டது.

புகையிலை. அயோடின். பால்.

அந்த வாசனைக்கு ஜோனி சிரித்தாள். அம்மாவின் பிடியிலிருந்து திமிறி, அவனிடம் போக இரண்டு கைகளையும் நீட்டினாள்.