நாக்கில் ஒட்டாத எலும்பு

அந்த எலும்பு நாக்கில் ஒட்டவில்லை.

ஒட்டியிருக்க வேண்டும். ஐயாயிரம் வருஷம் மண்ணில் கிடந்து காய்ந்த எலும்பை நுனிநாக்கில் வைத்தால் பச்சக்கென்று பிடித்துக்கொள்ளும். கல்லாக இருந்தால் வழுக்கிவிடும். அகழாய்வில் மண்கூடை சுமந்து, முதுகு போனபின் கிடைத்த பொருள்களைக் கழுவும் கொட்டகைக்கு வந்தவர் இருபது வருஷத்தில் கற்ற வித்தை அது. அதனால்தான் எல்லோருக்கும் அவர் நாக்கர். ஆனால் இன்று கழுவ வந்த பானையின் அடியில் கிடந்த இந்தத் துண்டு ஒட்டவும் இல்லை, வழுக்கவும் இல்லை. ஆறிப்போன கொழுப்பு மாதிரி நாக்கின் சூட்டில் இளகி, அவர் துப்புவதற்குள் வழுவழுவென்று தொண்டையில் இறங்கிவிட்டது.

குடலே வெளியே வருவதுபோல ஓங்கரித்தார்.

"என்ன நாக்கரே, எத்தனாவது மாசம்?" என்று மண் சலிக்கும் சல்லடைக்காரி சிரித்தாள்.

சத்தம் கேட்டு ஆய்வாளரம்மா வந்தார். "இதுல யாரும் வாய் வைக்கலையே? போன தடவையே சொல்லிட்டேன், இன்னொரு தடவைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"ஐயோ, இல்லீங்கம்மா" என்றார் நாக்கர்.

அம்மா பானையைத் திருப்பிப் பார்த்தார். "இப்பத் தோண்டுற பழைய வீட்டு அடுப்பங்கரையில கிடைச்சது. பக்கத்துல ஆறு சின்னப் பிள்ளைங்களோட எலும்பு, எல்லாத்துலயும் கத்தி பட்ட தடம். மரபணுப் பரிசோதனை பண்ணிப் பார்த்தா ஆறும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்கதான்."

"பஞ்சமா இருந்திருக்கும்மா" என்றாள் சல்லடைக்காரி.

"பஞ்சம் எங்க? அடுத்த அறையில தானியக் குழி வாய் வரைக்கும் நிறைஞ்சிருக்கு. ஆடு கட்டின இடமும் இருக்கு. ஏன் செஞ்சாங்கன்னுதான் புரியல."

வீட்டுக்குப் பேருந்தில் வரும்போதும் அந்த ருசி போகவில்லை. அழுகிய இனிப்பும் புகையும் கலந்து, நாக்கின் அடியில் பிசினாகப் படிந்திருந்தது. ஏறுவதற்கு முன்பே உப்புத் தண்ணீரில் கொப்பளித்திருந்தார், வேப்பங்குச்சியால் நாக்கை ரத்தம் கசியும்வரை வழித்திருந்தார், ரத்தத்திலும் அதே ருசி. பக்கத்து இருக்கைக்காரரின் வியர்வை, முன்னால் நின்றவளின் எண்ணெய்த் தலை, கம்பியைப் பிடித்திருந்த கைகளின் அழுக்கு எல்லாம் தனித்தனியாக மூக்கில் ஏறின. அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, வயிறு இரைந்தது.

சலவைக்கூடத்தில் மாலை வேலை முடித்து மனைவி வரும்வரை சமையல் அவர் பொறுப்பு. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் நாலுமாதப் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். பருப்பு கொதித்தது. கரண்டியால் உப்புப் பார்த்தார், சாம்பலாக இருந்தது. உப்பைப் போட்டுவிட்டு நக்கினார், அதே கரண்டியால் கிளறினார், மறுபடி நக்கினார். நாலைந்து தடவை.

மனைவி வந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இருவரும் தட்டை வழித்தார்கள். அவருக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை.

அப்போதுதான் தூளியிலிருந்து அந்த வாசம் வந்தது.

பால் மணம் இல்லை. வெதுவெதுப்பான, மெத்தென்ற, மடிப்பு மடிப்பான வாசம். அவர் வாயில் எச்சில் சுரந்தது. கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தது. சீ. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். என் பேரன். என் மகள் பெற்ற பிள்ளை. சீ.

இங்கே இருக்கக் கூடாது. செருப்பை மாட்டினார். விடியும்வரை எங்காவது கிடக்கலாம். இந்த நாக்கு அடங்கட்டும்.

"அப்பா, எங்க கிளம்பிட்டீங்க?" மகளின் குரல் குழறியது. "அம்மா, இவன் மேல இன்னைக்கு ஒரு வாசம் வருது பாரேன். எச்சில் ஊறுது."

"எனக்கும்தான்டி" என்றாள் மனைவி.

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். கரண்டி. அவர் நக்கிய அதே கரண்டி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யார் வீட்டிலாவது போட்டுவிட வேண்டும். பாய்ந்து வந்தார். தூளிக்குள் கையை விட்டார். கை தூக்கவில்லை. தொடையின் மடிப்பைத் தொட்டது. மெதுவாக அழுத்திப் பார்த்தது.

மனைவி இந்தப் பக்கம். மகள் அந்தப் பக்கம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்று தொண்டைகள் விழுங்கும் சத்தம் மட்டும்.

முதல் எச்சில் சொட்டு பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.